மஸ்கெலியாவுக்கு ஒரு புரதம்

தேயிலை விதை இலங்கையை விட்டு வெளியே வரக் கூடாது. விதை மட்டுமல்ல, கொழுந்து, வேர், அதிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. எதுவும் வரக் கூடாது என்று இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பவானி ரட்ணம் மின்னஞ்சலில் எழுதியிருந்தார். ஆகவே கோயம்புத்தூரில் நான் தயாரித்து வைத்திருந்த புரதம்தான் தேயிலையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கூரியர்காரர்கள் குளிர்ப்பெட்டிக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். "நீயே எடுத்துக்கிட்டுப் போயேன், மாலதி" என்றார் எங்கள் பேராசிரியர். கடைக்குப் போய் தயிர் வாங்கி வா என்கிற தோரணையில்.

அந்தப் புரதத்துக்கு டிமீட்டர் என்று பெயர். கிரேக்கர்களின் விளைச்சல் தெய்வத்தின் பெயரை யாரோ அதற்குச் சூட்டிவிட்டார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் களைச்செடியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மரபணுவை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவையே அதைச் செய்யவைப்பது என் வேலை. பாக்டீரியாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. புரதம் உருவாகத் தொடங்கியதும் பாதி செத்துப்போகும். மீதி பாக்டீரியா செய்கிற புரதமும் பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாக ஒதுங்கும். ஒரு வருடம் போராடி, கடைசியில் தெளிவாக, உயிரோடு எனக்குக் கிடைத்தது சில சொட்டுகள். அவற்றைச் சின்னக் குழாய்களில் அடைத்து, பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு கொழும்பில் இறங்கினேன்.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த வருடங்கள் அவை. கோட்டை ரயில் நிலையத்தில் பவானியின் உதவியாளர் லோகநாதன் காத்திருந்தார். முப்பது வயதிருக்கும். கழுத்துவரை பொத்தானிட்ட ஸ்வெட்டரை அந்தக் கொழும்பு வெக்கையிலும் கழற்றாமல் நின்றார். "வாங்க மிஸ். பெட்டிய குடுங்க, நான் தூக்குறேன்" என்றார். நான் கொடுக்கவில்லை. அவர் சிரித்தார். "மேடம் சொன்னாங்க, நீங்க குடுக்க மாட்டீங்கன்னு."

அவர் பேசியதைக் கேட்டு நான் திகைத்ததை மறைக்க முடியவில்லை. இலங்கைத் தமிழ் என்று நான் மனதில் வைத்திருந்தது வேறு. இவர் துறையூர்ப் பக்கம் இருக்கிற என் சித்தப்பா மாதிரியே பேசினார். அதைச் சொன்னபோது, "எங்க ஆளுங்க அந்தப் பக்கத்துலேருந்து தோட்டத்து வேலைக்கு வந்தவங்கதான் மிஸ். எந்த ஊருன்னுதான் யாருக்கும் தெரியல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, இறால் வைத்துச் சுட்ட வடை வாங்கப் போய்விட்டார். காகிதத்தில் சுருட்டிக் கொடுத்த அந்த வடையின் மேல் இறால் மீசையோடு படுத்திருந்தது. எங்கள் ஊர்ப் பருப்பு வடை இதற்கு முன்னால் நிற்க முடியாது.

நாவலப்பிட்டி வரை ரயில் ஒழுங்காகப் போனது. அங்கே நின்றது நின்றதுதான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ரயில்வே ஊழியர் பெட்டி பெட்டியாக வந்து சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். ஜனங்கள் கோபப்படவில்லை. எழுந்து பைகளை இறக்கத் தொடங்கினார்கள். "மேல மண்ணு சரிஞ்சிருச்சாம் மிஸ். இன்னைக்கு ரயில் போகாதாம்" என்றார் லோகநாதன்.

எங்கள் ஊர் நீலகிரி ரயிலும் மழைக்காலத்தில் இப்படித்தான் மக்கர் பண்ணும். ஆனால் அப்போது என் மடியில் உருகும் பொருள் எதுவும் இருந்ததில்லை. நெரிசலான பஸ்ஸில் நின்றபடி கினிகத்தேனை போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து மேலே போகும் பஸ்களுக்குப் பெருங்கூட்டம் காத்திருந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையின் ஓரத்தில் பெட்டியை வைத்துத் திறந்து பார்த்தேன். பனிக்கட்டிப் பைகள் கொழகொழவென்று ஆகியிருந்தன. குழாய்களைத் தொட்டேன். குளிர்ச்சி இருந்தது, ஆனால் நம்பும்படியான குளிர்ச்சி இல்லை.

"கரைஞ்சா கெட்டுப்போயிருங்களா?"

"சூடு ஏறினா சுருண்டுக்கும். அப்புறம் வெறும் அழுக்குத் தண்ணிதான்."

கடைக்காரரிடம் ஐஸ் கேட்டோம். அந்த மழையில், அந்தக் குளிரில் ஐஸ் கேட்ட என்னை அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு பிளேன்டீ வேண்டுமானால் தருகிறேன் என்றார். தேநீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் வந்தன. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். தெரு முழுவதையும் நோட்டம் விட்டுக்கொண்டிருந்த லோகநாதன் திடீரென்று கிளாஸை வைத்துவிட்டு மழையில் ஓடினார்.

அவர் ஓடியது ஒரு மீன் லாரியை நோக்கி. நீர்கொழும்பிலிருந்து வந்த லாரி. பின்பக்கத்திலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சுனில், சிங்களவர், தொப்பையும் கம்பளித் தொப்பியுமாக இருந்தார். மறுநாள் காலைச் சந்தைக்கு மஸ்கெலியாவுக்கே போகிறாராம். இருவரும் சிங்களத்தில் கொஞ்சம் பேசினார்கள். சுனில் என்னையும் பெட்டியையும் பார்த்தார். பின்னால் ஏறி, ஐஸுக்குள் கையைவிட்டு இரண்டு பெரிய சூரை மீன்களை ஒதுக்கி நடுவில் ஒரு குழி செய்தார். என் ஒரு வருட உழைப்பு அதற்குள் இறங்கியது. மேலே ஐஸை அள்ளிப்போட்டு, மீனை மறுபடி அணைத்துவைத்தார்.

நாங்கள் மூவரும் முன் இருக்கையில். லோகநாதன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். அந்த மருந்து யாருக்கு என்று சுனில் கேட்டார். மருந்தில்லை, தேயிலை விதையைப் பற்றித் தெரிந்துகொள்ள என்றேன். விடவில்லை. வளைவுகளில் ஸ்டியரிங்கை முழங்கையால் சுற்றிக்கொண்டே மேலும் மேலும் கேட்டார். வேறு வழியில்லாமல் விளக்கினேன்.

ஒவ்வொரு விதைக்கும் ஒரு மரபணுவில் அம்மா கொடுத்த பிரதி ஒன்று, அப்பா கொடுத்த பிரதி ஒன்று வரும். பொதுவாக இரண்டும் வேலை செய்யும். சில மரபணுக்களில் மட்டும் இரண்டின் மேலும் மூடி போட்ட மாதிரி ஒரு ரசாயனக் குறி ஒட்டியிருக்கும். மூடியிருக்கிற பிரதி வேலை செய்யாது. பூவுக்குள்ளே, விதை உருவாவதற்குக் கொஞ்சம் முன்னால், இந்தப் புரதம் அம்மா பக்கத்துப் பிரதியில் அந்தக் குறி இருக்கும் இடத்தைத் தேடிப்போய் வெட்டி எடுக்கும். வெட்டின இடத்தைச் செல் தானே குறியில்லாமல் தைத்துவிடும். அம்மாவுடையது திறந்துகொள்ளும். அப்பாவுடையது மூடியபடியே இருக்கும். அந்த நேரத்தில் விதையை வளர்ப்பது அம்மா பிரதி மட்டும்தான்.

லோகநாதன் மொழிபெயர்த்து முடித்ததும் சுனில் இன்னொன்று கேட்டார். அதை லோகநாதன் எனக்குச் சொன்னார்: "வேலை செய்யாத பிரதியை எதுக்கு வச்சிருக்கணுமாம்? தூக்கிப் போட்டுட்டாச் சுமை குறையுமேங்கிறாரு."

"அதைத்தான் உலகம் பூரா கேட்டுக்கிட்டிருக்காங்கன்னு சொல்லுங்க" என்றேன். சுனிலுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. ஒரு மாலு பாணைப் பிய்த்து எங்களுக்குப் பங்கு கொடுத்தார். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் மிளகுமாக இருந்த முக்கோண ரொட்டி.

ஹட்டனை நெருங்கும்போது ஒரு சோதனைச்சாவடி. ராணுவத்தினர் லாரியை ஓரங்கட்டச் சொன்னார்கள். சுனிலின் அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த சிப்பாய், லோகநாதனின் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டார்ச் அடித்து முகத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த லோகநாதன் நேராக நிமிர்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். என் பாஸ்போர்ட் ஒரு கை மாறி இன்னொரு கைக்குப் போனது. பின்னால் ஏறிய இன்னொரு சிப்பாய் ஐஸுக்குள்ளிருந்து வெள்ளைப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்.

எல்லாரும் இறங்கினோம். பெட்டியை நானே திறக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் தள்ளி நின்றார்கள். திறந்தேன். உள்ளே விரல் நுனி அளவுக் குழாய்கள். என்ன இது என்று கேட்டதற்கு லோகநாதன் "புரோட்டீன்" என்றார். சிப்பாய் குழாயைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னதும் சுனில் பெரிதாகச் சிரித்தார். மீன் பூராவும் புரோட்டீன்தானே, இதை ஏன் தனியாகக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டாராம். நிலையத்தின் கடிதம் ஒன்றை லோகநாதன் நீட்ட, அதைப் படித்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தார்கள். லாரி கிளம்பி வெகுதூரம் போன பிறகுதான் லோகநாதன் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதுவரை உள்ளங்கையிலேயே பிடித்திருந்தார்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"பழக்கந்தான் மிஸ். ஆனா பெட்டி கையில இருந்தது இதுதான் மொத தடவ."

மஸ்கெலியாவில் இறங்கும்போது சுனில் காசு வாங்க மறுத்துவிட்டார். பெட்டி நாள்கணக்கில் மீன் வாடை வீசிக்கொண்டிருந்தது.

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கிளை நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. பழைய தோட்டத்து பங்களாவின் பண்டகசாலையைச் சுத்தப்படுத்தி ஆய்வகமாக்கியிருந்தார்கள். பவானி வாசலிலேயே நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் பள்ளி ஆசிரியையாக வந்து, படித்து, இங்கே ஆராய்ச்சியாளர் ஆனவர். "வாரும் வாரும். நனைஞ்சு போனீர். முதல்லை உந்தப் பெட்டியை ஃப்ரீஸருக்குள்ளை வையும். பிறகு கதைப்பம்" என்றார்.

அவர் என்னை 'நீர்' என்றதும் சண்டைக்குத்தான் வருகிறாரோ என்று ஒரு கணம் பதறினேன். எங்கள் ஊரில் யாரும் யாரையும் அப்படி அழைப்பதில்லை. மூக்கைச் சுளித்து, "என்ன இது, சூரையோ?" என்று அவர் கேட்டபோதுதான் சிரிப்பு வந்தது. இடியப்பமும் சொதியும் வைத்திருந்தார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பவானி என்னைச் செடிகளைப் பார்க்க அழைத்துப்போனார். எனக்குத் தெரிந்த தேயிலை இடுப்பளவுதான். இங்கே விதைக்காகக் கவாத்து வெட்டாமல் விட்டவை மரங்களாகவே வளர்ந்திருந்தன. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சளாக மகரந்தத் தூள், ஒரு மெல்லிய வாசனை. தேயிலை பூக்கும் என்பதையே நான் அதுவரை யோசித்ததில்லை.

அவர் என்னைத் தேடி எழுதக் காரணமானவை இரண்டு மரங்கள். ஒன்று மேட்டில், பாறை இடுக்கில், வறட்சியைத் தாங்கி நிற்பது. மற்றது ஓடைக்கரைப் பள்ளத்தில், கொழுகொழுவென்று. லோகநாதன் அவற்றை மேட்டுச் செடி, பள்ளத்துச் செடி என்றுதான் அழைத்தார். பூ விரிவதற்கு முன்பே மொட்டைத் திறந்து, மகரந்தத் தூள் இழைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு தூரிகையால் மற்ற மரத்தின் தூளைப் பூசி, காகிதப் பையால் மூடுவது அவர் வேலை. மேட்டுச் செடி அம்மாவாக இருந்தால் விதை திரட்சியாக வருகிறது. அதே மேட்டுச் செடி அப்பாவாக இருந்தால் விதை சூம்பிப் போகிறது. பெற்றோர் அதே இரண்டுதான். யார் அம்மா என்பது மட்டும் மாறுகிறது.

"உதுதான் என்ரை நித்திரையைக் கெடுத்தது" என்றார் பவானி. "மண்ணோ, நிழலோ எண்டு எல்லாம் பாத்திட்டன். கடைசியிலை தான் உங்கடை டிமீட்டரைப் பற்றி வாசிச்சன்."

சோதனை எளிமையானது. என் புரதம் குறி இருக்கும் இடத்தைத்தான் வெட்டும். எனவே விதையின் டி.என்.ஏ.வை அதோடு சேர்த்து வைத்தால், மூடியிருக்கிற பிரதி வெட்டுப்பட்டுப் போகும். திறந்திருக்கிற பிரதியில் குறி இல்லை, அது தப்பித்துவிடும். தப்பித்ததை மட்டும் பெருக்கி, நீளவாரியாகப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் ஓடவிட்டால் கோடாகத் தெரியும். மேட்டுச் செடியின் பிரதி கொஞ்சம் நீளம், பள்ளத்துச் செடியுடையது குட்டை. ஆக எந்தக் கோடு நிற்கிறது என்று பார்த்தால் யாருடைய பிரதி திறந்திருந்தது என்று தெரிந்துவிடும்.

முதலில் புரதம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று குறி போட்ட ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டு கொண்டுபோயிருந்தேன். உடம்புச் சூட்டில் சில மணி நேரம் வைக்க வேண்டும். சூடேற்றும் கருவியில் குழாயை வைத்துவிட்டு நிமிர்ந்தோம், மின்சாரம் போனது.

"இந்தா, இந்த டேம் தண்ணியிலதான் கரண்ட் செய்யுறாங்க. அது நம்ம தலைக்கு மேலயே கம்பியில கொழும்புக்குப் போயிருது" என்றார் லோகநாதன், ஜன்னல் வழியாக மின்கம்பங்களைக் காட்டி. அந்த அறையில் என் மூச்சே புகையாகத் தெரிந்தது. அந்தக் குளிரில் புரதம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். பவானி தன் தேநீர் பிளாஸ்க்கைக் கவிழ்த்துவிட்டு, விறகடுப்பில் தண்ணீர் சுடவைத்தார். வெப்பமானியைப் பார்த்துப் பச்சைத் தண்ணீர் கலந்து, குழாயை நூலில் கட்டி பிளாஸ்க்குக்குள் தொங்கவிட்டோம். சூடு குறையக் குறைய வெந்நீர் ஊற்றினோம். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் தின்றோம். கோதுமை மாவு ரொட்டி, கல்லாட்டம் கனம். சம்பலின் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது.

அப்போதுதான் லோகநாதன் கேட்டார். லாரியிலிருந்தே மனதில் வைத்திருந்திருக்க வேண்டும். "மிஸ், மனுசங்களுக்கும் இப்படி உண்டுங்களா? அப்பன் குடுத்தது மூடியே கெடக்குறது?"

"சிலதுல உண்டு. ரொம்பக் கொஞ்சத்துல. இந்தப் புரதம் செடிக்கு மட்டுந்தான்."

"மூடியே கெடந்தா நல்லது" என்றார். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "எங்கப்பா கசிப்பு குடிச்சே போனாரு. எனக்கு ஒரு மக இருக்கா. கோவம் வந்தா அப்படியே அவரு மொகம்" என்றார்.

கசிப்பு என்றால் கள்ளச்சாராயம். நான் பவானியைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு மனமில்லை. "முகம் வரலாம். குடிக்கிறதை ஒரு மரபணு முடிவு பண்றதில்ல. மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும்" என்றேன்.

"நான் குடிக்கிறதில்ல மிஸ்."

"அப்புறம் என்ன? அவ உங்களைத்தானே பாத்து வளர்றா."

அவர் தலையாட்டினார். சமாதானம் ஆனாரா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் விறகு கொண்டுவந்தார்.

மாலையில் மின்சாரம் வந்தது. ஜெல்லை ஓட்டி விளக்கில் வைத்தோம். புரதம் சேர்க்காத துண்டு முழுசாக நின்றது. சேர்த்தது வெட்டுப்பட்டு, கீழே குட்டையாக இறங்கியிருந்தது. சூரை மீன்களோடு மலையேறிய டிமீட்டர் உயிரோடுதான் இருந்தது. நான் பவானியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவருக்கு அது பழக்கமில்லை என்பது தோளின் விறைப்பில் தெரிந்தது. ஆனால் அவரும் விடவில்லை.

அடுத்த நாள் தேயிலை விதை. பவானி பத்திரப்படுத்தியிருந்த இரண்டு கலப்பு விதைகளையும் அரைத்து, டி.என்.ஏ. எடுத்து, புரதத்தோடு வைத்து, பெருக்கி, ஓட்டினோம். விளக்கைப் போட்டதும் இருவரும் குனிந்தோம். ஒன்றுமில்லை. நீளக் கோடும் இல்லை, குட்டைக் கோடும் இல்லை. எந்த மரம் அம்மாவாக இருந்தாலும் இரண்டு பிரதிகளும் மூடியிருந்து, இரண்டும் வெட்டுப்பட்டுப் போயிருந்தன.

பவானி ஜெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். கீழே நீர்த்தேக்கத்தின் மேல் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் பருவத்து விதை எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"முத்தினது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அம்மா பிரதி திறந்திருப்பது விதையின் கருவில் அல்ல. கருவைச் சுற்றி, அதற்குப் பாலூட்டுகிற சோற்றுப் பகுதியில். இளநீர் என்று நாம் குடிப்பது தென்னையின் அந்தப் பகுதிதான். தேயிலையில் விதை முற்றும்போது கரு அதை முழுக்கத் தின்று தீர்த்துவிடும். நாங்கள் அரைத்தது வெறும் கருவை.

"எனக்குத் தெரியாததில்லை" என்றார் பவானி. "புத்தகத்திலை இருக்கிற விசயம்தானே. ஆனா மாலதி, லோகநாதன் எத்தினை பூவுக்குப் பூசினவன் தெரியுமே? முக்காவாசி உதிரும். நிக்கிறதிலை மழை ஒண்டைக் கொண்டுபோகும், குரங்கு ஒண்டைக் கொண்டுபோகும். மிஞ்சிற ஒண்டு ரெண்டைப் பச்சையாய்ப் பிடுங்கி வெட்ட எனக்கு மனம் வரேல்லை. முத்தினால் பாதியை அரைக்கலாம், பாதியை நடலாம் எண்டு நினைச்சன். நட்டால் மரம் வருமெல்லே."

இந்த வருடத்துக் காய்கள் மரத்தில் பச்சையாக இருந்தன. மேட்டுச் செடி அம்மாவாக மூன்று. பள்ளத்துச் செடி அம்மாவாக ஒன்றே ஒன்று.

அவற்றில் ஒன்றைப் பச்சையாகவே வெட்டலாமா என்று கேட்டேன். மறுநாள் காலையில் நான் எழுந்து வரும்போது சவரக் கத்தி, குளிர்ப்பெட்டி எல்லாம் தயாராக இருந்தன. "மேட்டிலை ஒண்டு எடுப்பம்" என்றார்.

காயைப் பறித்தது அவரே. லோகநாதனிடம் விடவில்லை. மூன்று புடைப்புள்ள பச்சைக் காய். வெட்டினால் உள்ளே வெள்ளை விதை. அதையும் கீறினால் நுங்கின் உட்கண் மாதிரி, கண்ணாடி நிறத்தில் ஒரு துளி. நடுவில் மணல் பருமனில் கரு. பவானி துளியை உறிஞ்சிக் குழாயில் விட்டுவிட்டு, கருவை ஒரு கண்ணாடித் தகட்டில் தள்ளிவைத்து, அதை ஒருமுறை பார்த்தார்.

சாயங்காலம் ஜெல்லில் ஒரு கோடு நின்றது. ஒன்றே ஒன்று. நீளமானது. மேட்டுச் செடியின் பிரதி, அதாவது அம்மாவுடையது. அப்பாவுடைய குட்டைக் கோடு இருந்த சுவடே இல்லை.

லோகநாதன் எங்கள் தோள்களுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தார். "இதானுங்களா?"

"பாதி இதுதான்" என்றேன். ஏனென்றால் நீளமான பிரதிக்கே எப்போதும் தப்பித்துக்கொள்ளும் குணம் இருக்கலாம். அம்மா என்பதால்தான் தப்பித்தது என்று சொல்ல வேண்டுமானால் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். பள்ளத்துச் செடி அம்மாவாக இருக்கும் விதையில் குட்டைக் கோடு நிற்க வேண்டும். அதற்கு அந்த ஒற்றைக் காய் வேண்டும்.

மூவரும் பள்ளத்துக்கு இறங்கினோம். பெரிய பிடிவாதக்காரனைப் போல அந்தக் காய் ஒரு கிளையின் அடியில் தொங்கியது. காம்பில் லோகநாதன் கட்டிய தகரச் சீட்டு. நான் மறுநாள் கிளம்புகிறேன். எனக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது, கையெட்டும் தூரத்தில். என் மனம் அப்போது பறி, பறி என்றுதான் அடித்துக்கொண்டது.

பவானி காயைத் தொட்டுப் பார்த்தார். லோகநாதனிடம், "நீர் என்ன சொல்லுறீர்?" என்றார்.

"நீங்க சொன்னா புடுங்கித் தர்றேன் மேடம்."

"நான் சொல்லுறதை இல்லை, நீர் நினைக்கிறதைக் கேக்கிறன்."

லோகநாதன் காம்பிலிருந்த தகரச் சீட்டை நிமிர்த்திவிட்டார். "இந்தச் செடியில போன வருசமும் ஒண்ணுதான் நின்னுச்சு. நடுறதுக்கு மிச்சமில்லாம அத அரைச்சாச்சு. இதையும் வெட்டிட்டா, இந்தக் கலப்புல ஒரு செடிகூட நம்மகிட்ட இல்ல மேடம். புடுங்க வேணாம்னு எனக்குத் தோணுது."

பவானி கையை எடுத்துக்கொண்டார். "எனக்கும்" என்றார். என்னிடம் திரும்பி, "குறை நினைக்காதையும். புரதத்திலை கொஞ்சத்தை என்னட்டை விட்டிட்டுப் போம். அடுத்த பூவிலை பாப்பம்" என்றார்.

குறை நினைத்தேன். ஹட்டன் வரை பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அடுத்த பூ பூத்து, காய்த்து, வருவதற்குள் அந்தப் புரதம் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் பஸ் ஜன்னலுக்கு வெளியே மைல் கணக்கில் வெட்டி மட்டப்படுத்திய தேயிலை ஓடிக்கொண்டே இருந்தது. பூக்க விடாத, காய்க்க விடாத தேயிலை. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் எங்கேயோ நழுவிவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள் தன் பிள்ளைக்கு உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சில் எனக்கும் இரண்டு சுளை கொடுத்தார். புளிப்பு பல்லைக் கூசவைத்தது.

கோவைக்குத் திரும்பி மறுபடி பாக்டீரியாவோடு மல்லுக்கட்டத் தொடங்கியிருந்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் பவானியின் மின்னஞ்சல் வந்தது. பேசுவது போலவே எழுதியிருந்தார்.

"மாலதி, ஒரு வாரமாய்ப் பேய்மழை. இரண்டாம் நாள் காலமை லோகநாதன் ஓடி வந்தான். பள்ளத்துக் காய் விழுந்து கிடக்குது. பொறுக்கி வெட்டிப் பாத்தன். உள்ளுக்குப் பச்சையாய்த்தான் இருந்தது, துளியும் இருந்தது. உம்மடை புரதத்தை உடனை எடுத்தன். குட்டைக் கோடு மட்டும் நிக்குது."

நாற்காலியைவிட்டு எழுந்தவள் திரும்ப உட்காரவில்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய் அவருக்குப் போன் போட்டேன். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்து வந்து போனது. வாழ்த்துச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"கோடு கிடக்கட்டும். அதை நான் பாத்திட்டன்" என்றார். "கரு முழுசாய்க் கிடந்தது. சத்துக் கூழிலை வைச்சிருக்கிறன். வளருமோ தெரியாது. லோகநாதன் அரை மணிக்கொருக்கால் வந்து எட்டிப் பாக்கிறான்."

"ஏதாவது தெரியுதா?"

"பொறும்" என்றார். போனைக் கீழே வைத்துவிட்டு நடந்து போகும் ஓசை கேட்டது. ஒரு கதவு திறந்தது. வெகுநேரம் வெறும் மழைச் சத்தம். பிறகு லோகநாதனின் குரல்தான் வந்தது.

"மிஸ், ஒரு பக்கம் பச்சை ஏறியிருக்கு."

"நிஜமாவா?"

"ஆமா மிஸ். வேர்தான் இன்னும் வரல."